ஈத்தூண்டில்: ஒரு அரிச்சுவடி

ஒரு கோழி இறகைக் கையில் கொடுத்து நாற்பது அடி தூரத்துக்கு எறியச் சொன்னால் யாராலும் முடியாது. பயில்வானாகவே இருந்தாலும் அது அவர் காலடியில்தான் வந்து விழும். பலமாக எறிய எறிய இன்னும் சீக்கிரம் விழும்.

ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள வருகிறவரிடம் முதல் நாள் கேட்கப்படுவது கிட்டத்தட்ட இதுதான். ஒரு சின்ன முள். அதில் கொஞ்சம் நூலும் இறகும் ரோமமும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப் பூச்சி. எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை ஆற்றின் நடுவே, ஒரு குறிப்பிட்ட பாறைக்குப் பக்கத்தில், நிஜப் பூச்சி வந்து உட்காருவது போலப் போட வேண்டும். எப்படி?

விஷயம் எளிமையானது. சாதாரணத் தூண்டிலில் கனம் முனையில் இருக்கிறது. புழு, ஈயக்குண்டு, தகடு என்று ஏதோ ஒன்று. அதை எறிந்தால் அது தங்கூசியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கல்லெறிகிற கணக்குத்தான். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். கனம் கயிற்றில் இருக்கிறது. வீசுவது கயிற்றை. பூச்சி சும்மா அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

அந்தக் கயிற்றுக்கு ஒரு எண் உண்டு. முதல் 30 அடியின் எடையை வைத்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது ஐந்தாம் எண் கயிறும் அதற்குப் பொருத்தமான ஒன்பது அடிக் கம்பும். ஐந்தாம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். ஒரு சவரனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முப்பது அடி நீளத்துக்கு விரித்துவைத்த ஒரு சவரன் கனத்தைக் காற்றில் ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டால், இதில் ஏன் கைபலம் எடுபடாது என்று புரிந்துவிடும்.

கயிற்றின் நுனியில் லீடர் என்று ஒன்பது அடி நைலான் நரம்பு. ஒரு பக்கம் தடியாக ஆரம்பித்து மறுபக்கம் மெலிந்துகொண்டே போகும். கடைசி மெல்லிய துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். கடையில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலரும் முழிப்பார்கள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை: பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தில் அதன் தடிமன். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு அங்குலம். எண் ஏற ஏற நரம்பு மெலியும். முதல் முறை கடைக்குப் போகிறவர் 'பெரிய எண்தானே பலம்' என்று 7எக்ஸ் வாங்கிவந்து முதல் மீனிலேயே அறுத்துக்கொள்வது உண்டு.

இவ்வளவும் வாங்கியாயிற்று. அடுத்து நேராக ஆற்றுக்குத்தானே? இல்லை. புல்வெளிக்கு.

பூச்சிக்குப் பதில் நுனியில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, பூங்காவிலோ மைதானத்திலோ பழகச் சொல்வார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். "மீன் ஏதும் மாட்டுச்சா?" என்று ஒருவராவது கண்டிப்பாகக் கேட்பார். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது இது. கம்பின் முனையைத் தாழ்த்திக் கயிற்றை நேராக்கிக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டிக் கம்பைப் பின்னால் கொண்டுபோய், காதருகே சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் கம்பு வளைந்து நிமிரும். கயிறு தலைக்கு மேல் ஒரு வளையமாகப் பின்னோக்கி ஓடும். அந்த வளையம் முழுக்க விரிந்து கயிறு நேராகும்வரை ஒன்றும் செய்யக்கூடாது. பிறகு அதேபோல முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

ஒன்றும் செய்யக்கூடாத அந்த ஒரு நொடி இருக்கிறதே, அங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள்.

கயிறு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன ஆயிற்றோ என்று பதறிக் கை தானாக முன்னால் வந்துவிடும். உடனே 'சடார்' என்று சாட்டை சொடுக்கிய சத்தம். நிஜப் பூச்சி கட்டியிருந்தால் இந்நேரம் அது அறுந்து எங்கேயோ போயிருக்கும். சரியாகப் போகவில்லையே என்று அடுத்த முறை இன்னும் பலமாக வீசுவார். இன்னும் மோசமாகும். நரம்பில் தானாகவே முடிச்சு விழும். காற்றால் விழுந்த முடிச்சு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாவம் காற்று! பெரும்பாலும் அது கையால் விழுந்த முடிச்சுத்தான்.

இதற்கு மருந்தும் எளிதுதான். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். கயிறு விரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்னால் வந்தால் போதும். கயிறு நீளமானால் காத்திருப்பும் நீளும்.

பலம் தேவையில்லை என்பதற்கு ஜோன் வுல்ஃபை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1926-ல் பிறந்தவர். பத்து வயதில் அப்பாவின் கம்பை எடுத்துக்கொண்டு முதன்முதலாக வீசிப் பார்க்கப் போனபோது, கம்பின் மேல்பாகம் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டதாம். அங்கிருந்து தொடங்கியவர் 1943 முதல் 1960 வரை வீச்சுப் போட்டிகளில் பல தேசியப் பட்டங்கள் வென்றார். 1951-ல் ஆண்கள் மட்டுமே கலந்துகொண்டிருந்த ஒரு தூர வீச்சுப் போட்டியில் அவர்களையெல்லாம் தாண்டி முதலிடம் பிடித்தார். 1960-ல் அவர் வீசியது 161 அடி. நடனம் கற்று, கற்பித்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அதிசயம் கொஞ்சம் குறையும். இது புஜபலத்தைவிடத் தாளக்கட்டு சம்பந்தப்பட்ட வேலை. 1970களின் இறுதியில் கணவர் லீ வுல்ஃபுடன் சேர்ந்து பீவர்கில் ஆற்றின் மேல்பகுதியில் அவர் தொடங்கிய பள்ளியில் எத்தனையோ பேர் முதல் பாடம் படித்தார்கள்.

பீவர்கில் என்றதும் பீவரைக் கொல்வது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 'கில்' என்பது டச்சு மொழியில் ஓடை. நியூயார்க் நகரிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் கேட்ஸ்கில் மலைகள். அங்கே ராஸ்கோ என்ற சின்ன ஊரில் வில்லோவீமாக் என்ற ஓடை பீவர்கில்லோடு கலக்கிறது. கலக்கும் மடுவுக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். ஏப்ரல் 1 அன்று, பனி முழுதாக உருகியிருக்கிறதோ இல்லையோ, அங்கே தூண்டிலோடு ஆட்கள் வந்து நிற்பது பழைய வழக்கம். அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங்குக்கு இந்த மலையோடைகள் பிறந்த வீடு மாதிரி.

1890-ல் தியோடர் கார்டன் என்பவர் இங்கிலாந்தில் இருந்த ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். ஹால்ஃபோர்டு, தண்ணீரில் மூழ்காமல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். அவர் பதிலோடு சில மாதிரிப் பூச்சிகளையும் அனுப்பிவைத்தார். கார்டன் அவற்றை அப்படியே பயன்படுத்தவில்லை. ஹால்ஃபோர்டின் பூச்சிகள் அமைதியாக ஓடும் இங்கிலாந்து ஓடைகளுக்கானவை. கேட்ஸ்கில் ஆறுகளோ பாறைகளில் மோதிச் சலசலத்து ஓடுபவை. பூச்சிகளும் வேறு. ஆகவே அவர் தன் ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துத் தன் ஊர் ஓட்டத்தில் மிதக்கும்படி புதிதாகக் கட்டினார். 1915-ல் இறக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். அவர் தூண்டில் போட்ட நெவர்சிங்க் ஆற்றின் ஒரு பகுதி, இன்று நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது.

புல்வெளியில் பழகிய புதியவர் இந்த ஆற்றங்கரைக்கு ஏப்ரல் கடைசியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் மீன்பிடி உரிமம் பையில் இருக்கிறது (16 வயதுக்கு மேல் கட்டாயம்). மார்புவரை வரும் நீர்புகாத காற்சட்டை போட்டிருக்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் வேடர்ஸ். என்ன பெயர்ப் பொருத்தம்! இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறார். இது அழகுக்கு இல்லை. வழுக்கி விழுந்தால் உடைக்குள் தண்ணீர் வேகமாக நிறையாமல் தடுப்பது அந்த பெல்ட்தான்.

அவருக்கு இப்போது ஒரே ஆசை, தண்ணீரில் இறங்கி வீச வேண்டும். பழகிய ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் தோளைப் பிடித்து நிறுத்துவார். கொஞ்சம் நில்லுங்கள், முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கரையோரம் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் சின்னச் சின்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டு நெளியும். பெரும்பாலும் மேஃப்ளையின் இளம்பருவம். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படித் தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாக வாழ்கிற இனங்கள் உண்டு. பிறகு ஒருநாள் நீர்மட்டத்துக்கு வந்து, தோலை உரித்து, சிறகு விரித்துப் பறக்கும். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிறகு முளைத்த மேஃப்ளைக்குச் சாப்பிட வாயே கிடையாது என்று சொல்லலாம், இருப்பது எதற்கும் உதவாது. ஒன்றிரண்டு நாளில் கூடி, முட்டையிட்டு, செத்துத் தண்ணீரில் விழும்.

ட்ரவுட் மீன் இந்த எல்லாக் கட்டத்திலும் அதைத் தின்னும். பெரும்பாலும் நீருக்கடியில், சில நேரம் மேலே வந்து. கேட்ஸ்கில் ஆறுகளில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் மதியம் இரண்டு மணி வாக்கில் ஹென்ட்ரிக்சன் என்ற சாம்பல் நிறச் சிறகுப் பூச்சி மேலே வரத் தொடங்கும். 1916-ல் ராய் ஸ்டீன்ராட் என்ற தபால் அலுவலக ஊழியர் அதற்கு ஒரு போலியைக் கட்டி, தன் நண்பர் ஒருவரின் பெயரை வைத்தார். பூச்சிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இவருக்குப் பூச்சி கட்டச் சொல்லிக்கொடுத்தவர் கார்டன்.

ஆக, கல்லைப் புரட்டிப் பார்த்தவருக்குப் பெட்டியில் இருக்கும் இருபது பூச்சியில் எதைக் கட்டுவது என்று ஒரு யோசனை கிடைக்கும். நிறமும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நைலானை இழுத்தால் உராய்வில் சூடாகிப் பலமிழந்துவிடும்.

பிறகு ஆற்றைப் பார்க்க வேண்டும். ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். அதற்கும் களைப்பு உண்டு. அதனால் பாறைக்குப் பின்னால், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோட்டில், மெதுவான பக்கம் நின்றுகொண்டு வேகமான பக்கம் வரும் சாப்பாட்டைப் பொறுக்கிக்கொள்ளும். பந்தியில் பரிமாறுகிறவர் வரும் வழியில் இடம்பிடிக்கிற ஆள் மாதிரி. இந்தக் கோடுகளைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஆற்றில் முக்கால்வாசி இடத்தை விட்டுவிடலாம்.

இனி வீசலாம்.

வீசியதும் இன்னொரு சங்கடம். பூச்சி மெதுவான தண்ணீரில் இருக்கிறது, நடுவே கிடக்கும் கயிறு வேகமான தண்ணீரில். கயிறு முன்னால் ஓடிப் பூச்சியை இழுக்கிறது. பூச்சி மோட்டார் படகு போலக் கோடு கிழித்துக்கொண்டு போகிறது. நிஜப் பூச்சி அப்படிப் போகாது என்று மீனுக்குத் தெரியும். ஆகவே விழுந்த உடனே கம்பின் முனையால் கயிற்றை மட்டும் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டுவிட வேண்டும். பூச்சி அசையக்கூடாது. புதியவர்கள் நூறு வீச்சு வீசினால் அதில் ஐந்தாறுதான் உருப்படியாக மிதக்கும். அந்த ஐந்தாறில் ஒன்றில் ஒரு மூக்கு மேலே வரும். பதற்றத்தில் கம்பை வெடுக்கென்று இழுப்பார். நரம்பு அறுந்து, மீனும் போய்ப் பூச்சியும் போய், கயிறு கழுத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். முதல் சில நாட்களும். பாதிப்பேர் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கம்பு பரண் மேல் ஏறும்.

மீதிப்பேருக்கு ஒருநாள் மீன் மாட்டும். அப்போதுதான் உண்மையான சிக்கலே வருகிறது.

கையில் துள்ளுகிற அந்த உயிரை என்ன செய்வது? பீவர்கில், வில்லோவீமாக்கின் சில பகுதிகளில் 1960களிலிருந்தே பிடித்த மீனைத் திரும்ப விட்டாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி இல்லாத இடங்களிலும் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டோம், பாவம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வது சுலபம். ஆனால் விடுவது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான். முள்ளின் உள்நோக்கிய கொக்கியை இடுக்கியால் முன்பே நசுக்கிவைக்க வேண்டும். நீண்டநேரம் போராட விடாமல் சீக்கிரம் கைவலைக்குள் கொண்டுவர வேண்டும். தொடும் முன் கையை நனைக்க வேண்டும், காய்ந்த கை மீனின் மேலிருக்கும் வழுவழுப்பான காப்புப் பூச்சை உரித்துவிடும். செவுளில் விரல் படக்கூடாது. தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக நீந்திப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஃபோட்டோவுக்காகத் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் அது மூச்சில்லாமல் இருக்கிறது. ஓடிவந்து மூச்சு வாங்கும் ஆளின் மூக்கைப் பொத்துவது போல.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் பயனில்லாத நாட்கள் உண்டு. ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அதற்குத் திணறல்தான். அந்த நேரத்தில் போராடிக் களைத்த மீன், நன்றாக நீந்திப் போவதுபோல் போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செத்துப்போகலாம். பிடித்தவருக்கு அது தெரியவே தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் பீவர்கில்லின் கீழ்ப்பகுதி இப்படிச் சூடாகிவிடுகிற நாட்கள் உண்டு. அப்போது மீன்கள் குளிர்ந்த சிற்றோடைகள் வந்து சேரும் வாய்களில் கூட்டமாக ஒண்டிக்கொண்டிருக்கும். பிடிக்க மிக எளிது. பிடிக்கவே கூடாத இடமும் அதுதான்.

இந்த ஆறுகளுக்கு இந்தக் கதை புதிதில்லை. இங்கே ஆதியில் இருந்தது புரூக் ட்ரவுட். 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஹெம்லாக் மரப்பட்டைக்காகக் கேட்ஸ்கில் காடுகளை வெட்டித் தள்ளின. நிழல் போயிற்று, ஓடைகள் சூடாகின. கழிவும் கலந்தது. புரூக் ட்ரவுட் மேலே மலைச் சிற்றோடைகளுக்குள் ஒதுங்கியது. 1883-ல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்கு வந்த முட்டைகளிலிருந்து பிரவுன் ட்ரவுட் இந்த நாட்டில் பரவத் தொடங்கியது. கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும் இனம். கார்டன் துரத்திய மீன்களில் பலவும் அப்படி வந்தேறியவைதான். (நீலகிரிக்கு ட்ரவுட் வந்ததும் இதே காலத்தை ஒட்டித்தான். 19ஆம் நூற்றாண்டில் பல முயற்சிகள் தோற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில், அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் அது அங்கே வேரூன்றியது.)

இதைத் தெரிந்துகொண்ட புதியவர் அடுத்த தடவை ஆற்றுக்கு வரும்போது பையில் இன்னொரு சாமான் சேர்ந்திருக்கும். ஒரு சின்ன தெர்மாமீட்டர். கம்பு, ரீல், கயிறு எல்லாம் சேர்ந்த ஆரம்ப செட் இருநூறு டாலர் வாக்கில் ஆகும். இதன் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ஆரம்பிக்கிறவர்களுக்கான பட்டியல்களில் இது கடைசியில்தான் வரும், பல நேரம் வரவே வராது. முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

ஜூலை மாதம் ஒரு காலை. நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டிவந்து, உடைமாற்றி, கம்பைப் பொருத்தி, கரையில் இறங்கித் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வைக்கிறார். ஒரு நிமிடம் காத்திருந்து எடுத்துப் பார்த்தால் 71. முழங்கால் ஆழத் தண்ணீரில் எதிரிலேயே ஒரு நல்ல மீன் மேலே வந்து எதையோ கவ்விக்கொண்டு போகிறது. இந்த மூன்று மாதத்தில் அந்தத் தூரத்துக்கு வீசப் பழகிவிட்டார். இப்போது போட்டால் எடுத்தாலும் எடுக்கும்.

கம்பைக் கழற்றி உறையில் போடுகிறார். அணைகளின் அடிமட்டத்திலிருந்து குளிர்நீர் திறந்துவிடும் டெலவேர் கிளையாறுகளுக்குப் போகலாம், இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரு பாறையில் உட்கார்ந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது இன்னும் நாலைந்து தடவை மேலே வந்துவிட்டுப் போகிறது.